எரிவாயு விபத்து: பக்கத்து வீட்டுக்கு யார் பொறுப்பு?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: பெங்களூரு அல்சூர் ஏரியருகே திருவள்ளுவர் சிலை நிற்கும் இடத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ளது காக்ஸ் டவுன். ஆங்கிலேயர் காலத்தில் படை முகாமாக இருந்து, 1949-ல் பெங்களூரு மாநகராட்சியுடன் இணைந்த "தண்டு" பகுதியின் ஒரு மூலை இது. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். ஓடு வேய்ந்த பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக மறைந்து, கீழ்த்தளத்தில் கடையும் மேல்தளங்களில் குடியிருப்புமாகக் கட்டடங்கள் எழுந்துவிட்ட பகுதியும் கூட.

அப்படியொரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிரியாணிக் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையின் பின்புறம் வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டர்கள் ஐந்து நிற்கின்றன. மொத்தம் 95 கிலோ எரிவாயு. இதற்கு வெடிபொருள் துறையின் உரிமம் எதுவும் தேவையில்லை. 2016-ம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி, ஒரு நேரத்தில் 100 கிலோவுக்கு மிகாமல் சமையல் எரிவாயு வைத்திருப்போர் உரிமம் பெற வேண்டியதில்லை. எனவே கடைக்காரர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

ஆனால், ஒரு நாள் அதிகாலை அங்கே கசிவு ஏற்பட்டு, விளக்கைப் போடும்போது பற்றிக்கொண்டால், முதல் மாடியில் உறங்கும் குடும்பத்துக்கும், சுவரை ஒட்டியுள்ள பக்கத்து வீட்டுக்கும், எதிரே உள்ள தையல் கடைக்கும் நேரும் இழப்பை யார் ஈடு செய்வார்கள்? எண்ணெய் நிறுவனமா, ஏஜென்சியா, கடைக்காரரா, அரசா?

இந்தக் கேள்விக்குத் தலைநகரில் விடை தேடினால், காப்பீடு என்பது காகிதத்தில் ஒன்றல்ல, மூன்று நான்கு உள்ளன என்பது தெரிய வருகிறது. அவை எல்லாம் சேர்ந்தும் பக்கத்து வீட்டுச் சுவரை முழுமையாக எட்டவில்லை என்பதும் தெரிய வருகிறது.

அவையில் வைக்கப்படும் பதில்: எங்கேனும் பெரிய எரிவாயு விபத்து நேர்ந்தால், அடுத்த கூட்டத்தொடரில் யாராவது ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்புவது மரபு. பெரும்பாலும் அது நட்சத்திரக் குறியிடப்படாத கேள்வியாக இருக்கும். அதாவது அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. துணைக் கேள்விகளுக்கும் இடமில்லை. எழுத்து மூலமான பதில் அவையின் முன் வைக்கப்படும். அத்துடன் அது முடிந்துவிடும்.

பெட்ரோலியத் துறையின் அந்தப் பதில் அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே வாசகமாகவே வந்துகொண்டிருக்கிறது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், தங்களிடம் பதிவு செய்துள்ள வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் சேர்த்துப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டு பாலிசி எடுத்துள்ளன. விபத்தில் உயிரிழந்தால் நபருக்கு ரூ. 6 லட்சம். மருத்துவச் செலவாக ஒரு விபத்துக்கு மொத்தம் ரூ. 30 லட்சம் வரை, நபருக்கு ரூ. 2 லட்சத்துக்கு மிகாமல். சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு ரூ. 2 லட்சம் வரை. பிரீமியத்தை எண்ணெய் நிறுவனங்களே செலுத்துகின்றன. வாடிக்கையாளர் தனியாக ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.

நாட்டில் சமையல் எரிவாயு இணைப்புகள் 32 கோடியைத் தாண்டிவிட்டன. 2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் வழங்கப்பட்டுள்ளன. இத்தனை வீடுகளுக்கும் ஒரே குடையின் கீழ் காப்பீடு என்பது உலகில் எளிதில் காணக்கூடிய ஏற்பாடு அல்ல. அதை யாரும் குறைத்து மதிப்பிட இயலாது. குறை வேறிடத்தில் உள்ளது.

சொத்துச் சேதத்துக்கான அந்த ரூ. 2 லட்சத்தை அடுத்து வரும் சொற்றொடரைப் பலர் படிப்பதில்லை. "அங்கீகரிக்கப்பட்ட வாடிக்கையாளரின் பதிவு செய்யப்பட்ட இடத்தில்" நேர்ந்த சேதத்துக்கு என்கிறது அது. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் நபர் கணக்கு. சொத்துக்கோ முகவரிக் கணக்கு. வெடிப்பின் வேகம் முகவரி பார்த்து நிற்பதில்லை.

சேலத்தில் நடந்தது: 2021 நவம்பர் 23-ம் தேதி காலை சேலம் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டில் எரிவாயு கசிந்து வெடித்ததில், அடுத்தடுத்து நெருக்கமாக இருந்த வீடுகளும் இடிந்து விழுந்தன. ஐந்து பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில், அண்டை வீட்டில் குடியிருந்த தீயணைப்புத் துறை அலுவலர் ஒருவரும் அடங்குவார். ஊருக்கெல்லாம் தீயணைக்கச் சென்றவர், தனக்குத் தொடர்பில்லாத ஒரு சமையலறையின் கசிவால் இடிபாடுகளில் சிக்கினார்.

இத்தகைய விபத்தில் பதிவு செய்யப்பட்ட இணைப்பு வெடிப்பு நேர்ந்த வீட்டினுடையது. இடிந்த மற்ற வீடுகளுக்கும் தனித்தனியே எரிவாயு இணைப்பு இருந்திருக்கலாம். ஆனால், விபத்துக்குக் காரணமான சிலிண்டர் அந்த இணைப்புகளைச் சேர்ந்ததல்ல. சொத்து இழப்பைப் பொருத்தவரை, அண்டை வீட்டார் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும்.

அந்த வேறு கதவுகளில் முதலாவது, ஏஜென்சி. எண்ணெய் நிறுவனங்களின் விநியோகஸ்தர்கள் ஒவ்வொருவரும் மூன்றாம் நபர் இழப்புக்கான பாலிசி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் விநியோகஸ்தரின் பாலிசி என்பது இயல்பாகவே அவரது பொறுப்பைச் சார்ந்தது. பழுதான சிலிண்டரைக் கொடுத்தார், பொருத்தும்போது தவறு செய்தார் என்று காட்ட வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் தானே வாங்கிப் பொருத்திய மலிவு விலை ரப்பர் குழாயில் கசிந்தது எனில் ஏஜென்சியைப் பொறுப்பாக்குவது கடினம். எஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். அங்கு போகும் காலமும் செலவும் வாசகர்கள் அறியாததல்ல.

முதல் காரணம் எது?: இன்னொரு சொற்றொடரும் கவனத்துக்குரியது. தீ விபத்துக்கு எரிவாயுவே "முதன்மைக் காரணமாக" இருக்க வேண்டும் என்கிறது எண்ணெய் நிறுவனங்களின் பாலிசி. மின்கசிவால் பிடித்த தீ சிலிண்டரைச் சூடாக்கி வெடிக்கச் செய்திருந்தால் அது வேறு வகை விபத்தாகிவிடுகிறது. மறுநாள் நாளிதழ்களில் இரண்டுக்கும் "சிலிண்டர் வெடித்து" என்றே தலைப்பு வரும். எங்கள் தொழிலின் அவசரம் அது. கோரிக்கை மனுவை ஆராயும் சர்வேயருக்கு அவசரம் இல்லை.

உண்மையில் சிலிண்டர் என்ற இரும்புக் கலன் வெடிப்பது அரிது. கலன் முழுதாக நிற்க, கசிந்து அறையை நிரப்பிய வாயு பற்றி வெடிப்பதே வழக்கம். நம் நாட்டில் விற்கப்படும் சமையல் எரிவாயு, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அழுத்தம் நீங்கினால் அது ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு படிந்து, சாக்கடை வாய்களிலும் கீழ்த்தளப் பள்ளங்களிலும் தேங்குகிறது. காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். இயல்பில் மணமற்ற அதற்கு, கசிவை உணர்த்துவதற்காகவே துர்நாற்றமுள்ள மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது.

கணக்கிட்டுப் பார்த்தால், 14.2 கிலோ வீட்டு உபயோக சிலிண்டர் ஒன்றில் உள்ள எரிவாயு முழுவதும் கசிந்தால், பத்தடிக்குப் பத்தடி அறைகள் பத்துக்கும் மேற்பட்டவற்றைப் பற்றக்கூடிய காற்றால் நிரப்பப் போதுமானது. உரிமம் தேவைப்படாத 95 கிலோ என்பது அதைப்போல் ஆறு மடங்குக்கும் அதிகம்.

இங்குதான் 100 கிலோ விலக்கு உறுத்துகிறது. ஒரு கடைக்கு அந்த விலக்கு நியாயமானதாகவே தோன்றும். இட்லிக் கடை நடத்துபவரை நாக்பூரில் தலைமையகம் கொண்டுள்ள வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் உரிமம் வாங்கி வா என்று அலையவிடுவதில் பொருளில்லை. ஆனால் காக்ஸ் டவுன் போன்ற நெருக்கமான கடைவீதியில் கடைகள் தனித்தனித் தீவுகளாக இல்லை. ஒரே கூரையின் கீழ் தேநீர்க் கடை, பேக்கரி, பிரியாணிக் கடை, சாட் கடை, இனிப்பகம் என ஐந்து கடைகள் ஆளுக்கு 95 கிலோ வைத்திருந்தால் மொத்தம் 475 கிலோ. விதி அதை ஒரு கிடங்காகக் காணவில்லை. உரிமம் வேண்டாத ஐந்து கடைகளாகவே காண்கிறது. உரிமம் இல்லாத இடத்தில் ஆய்வும் இல்லை. ஆய்வு இல்லாத இடத்தில், காப்பீடு இருக்கிறதா என்று கேட்பதற்கும் ஆளில்லை.

போபால் தந்த சட்டம்: காப்பீடு இருக்கிறதா என்று கேட்கும் சட்டம் ஒன்று நாட்டில் இல்லாமலில்லை. 1984 நவம்பர் 19-ல் மெக்ஸிகோ நகருக்கு அருகே சான் ஹுவானிக்கோ என்ற இடத்தில் எரிவாயுச் சேமிப்பு நிலையம் வெடித்து ஏறத்தாழ 500 பேர் மடிந்தனர். உலகம் அதிலிருந்து மீள்வதற்குள், இரண்டே வாரத்தில் போபால் நிகழ்ந்தது. போபாலுக்குப் பிந்தைய நீண்ட விவாதங்களின் விளைவாக 1991-ம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றியதுதான் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம்.

அபாயகரமான பொருள்களைக் கையாளுவோர் கட்டாயமாக பாலிசி எடுக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையின்றியே பாதிக்கப்பட்டோருக்கு உடனடி நிவாரணம் தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். விபத்து நடந்த செய்தி வந்ததும் மாவட்ட ஆட்சியர் தாமே அதைச் சரிபார்த்து, நிவாரணம் கோரி விண்ணப்பிக்குமாறு பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய வேண்டும் என்கிறது ஐந்தாவது பிரிவு. மூன்று மாதத்துக்குள் தீர்வு காண முயல வேண்டும். இந்த நிவாரணம் பெறுவதால் மற்ற சட்டங்களின் கீழ் இழப்பீடு கோரும் உரிமை பறிபோவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்காகவே எழுதப்பட்டது போன்ற சட்டம் இது.

சட்டம் பாதிக்கப்பட்டோரின் பக்கம் நின்றது. ஆனால் தொகை நிற்கவில்லை. 1991-ல் அட்டவணையில் எழுதப்பட்ட நிவாரணம் இதுதான்: உயிரிழப்புக்கு ரூ. 25 ஆயிரம். மருத்துவச் செலவுக்கு ரூ. 12,500 வரை. சொத்துச் சேதத்துக்கு ரூ. 6 ஆயிரம் வரை. தங்கம் சவரன் மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலத்தில் எழுதிய எண்கள், எத்தனையோ நிதிநிலை அறிக்கைகளைக் கண்டும், ஆட்சிகள் மாறியும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தன. எந்தக் கட்சியும் இதில் மற்ற கட்சியைக் குறை கூற இயலாது.

மாற்றம் வந்தபோது அது இரண்டு படிகளாக வந்தது. 42 சட்டங்களின் தண்டனைப் பிரிவுகளைத் தளர்த்திய ஜன் விஸ்வாஸ் சட்டம் 2023-ல் நிறைவேறியது. மணிப்பூர் விவகாரத்தில் அமளி நீடித்த மழைக்காலக் கூட்டத்தொடர் அது. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும் அந்த 42-ல் ஒன்று. பாலிசி எடுக்காத உரிமையாளருக்கு ஒன்றரை ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை என்று இருந்தது, அபராதமாக மாறிற்று. அடுத்து, 2024 இறுதியில் விதிகள் திருத்தப்பட்டு நிவாரணத் தொகைகள் பல மடங்கு உயர்த்தப்பட்டன. ஒரு விபத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டிய உச்சவரம்பு ரூ. 5 கோடியிலிருந்து ரூ. 250 கோடியாயிற்று.

சிறையை நீக்கியது சரியா என்பது விவாதத்துக்குரியது. அந்த அச்சம் இருந்த முப்பது ஆண்டுகளிலும் சட்டம் பெரிதாக நடைமுறைப்படுத்தப்பட்டதாகச் சொல்வதற்கில்லை என்பதே இச்செய்தியாளரின் கருத்து. தொகை உயர்ந்தது சந்தேகமின்றி வரவேற்கத்தக்கது. ஆனால் இரண்டு திருத்தங்களும் தொடாத இடம் ஒன்று உள்ளது. அறிவிக்கையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவு குறிப்பிடப்பட்டுள்ளது. அந்த அளவுக்கு மேல் கையாளுவோருக்கே சட்டத்தின் கட்டாயம். எரிவாயு நிரப்பும் ஆலையும் பெரிய சேமிப்பு முனையமும் அதற்குள் வரும். நமது பிரியாணிக் கடையும் அதன் வரிசையிலுள்ள நான்கு கடைகளும் வாரா.

சட்டத்தின் இன்னோர் உறுப்பு, சுற்றுச்சூழல் நிவாரண நிதி. பாலிசி எடுப்போர் பிரீமியத்துக்கு இணையான தொகையை இந்த நிதிக்கும் செலுத்த வேண்டும். காப்பீட்டு வரம்பைத் தாண்டும் இழப்புக்கு இதிலிருந்து தருவதே நோக்கம். 2008-ல் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்திடம் இதன் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. பணம் சேர்ந்தது. அதைக் கேட்டு வந்தவர்கள்தான் மிகக் குறைவு. அப்படியொரு நிதி இருப்பதே மாவட்ட அளவில் பலருக்கும் தெரியாதபோது வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

கேள்வி எந்த அமைச்சகத்துக்கு?: இதில் நாடாளுமன்றத்தின் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. சிலிண்டரை விற்கும் எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. சிலிண்டரும் கிடங்கும் பாதுகாப்பானவையா என்று பார்க்கும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு வர்த்தகம் மற்றும் தொழில் அமைச்சகத்தைச் சேர்ந்தது. அதன் மூலச் சட்டமோ 1884-ம் ஆண்டினது. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம். காப்பீட்டு நிறுவனங்கள் நிதி அமைச்சகத்தின் பார்வையில். தீயணைப்பும் வணிக உரிமமும் மாநில அரசு, மாநகராட்சி பொறுப்பு.

காக்ஸ் டவுன் பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவரின் கவலையை ஓர் உறுப்பினர் அவையில் எழுப்ப விரும்பினால், அக்கேள்வியைக் குறைந்தது நான்காக வெட்டி, நான்கு அமைச்சகங்களுக்குத் தனித்தனியே அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சரியான பதிலையே தரும். எவரும் பொய் சொல்ல மாட்டார்கள். முழுக் கேள்விக்கு மட்டும் பதில் வராது.

கிடங்கும் சாலையும்: கடைக்கு முன்கட்டம் கிடங்கு. காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் அருகே தேவரியம்பாக்கத்தில் 2022 செப்டம்பர் 28-ல் எரிவாயு சிலிண்டர் கிடங்கு ஒன்றில் தீப்பற்றியதில் 12 பேர் தீக்காயமடைந்தனர். சிகிச்சை பலனின்றி அவர்களில் பலர் அடுத்தடுத்த நாள்களில் உயிரிழந்தனர். கிடங்கிலும் லாரியிலும் பணிபுரிவோரின் நிலை தனி. 1991-ம் ஆண்டுச் சட்டத்தின் உடனடி நிவாரணம் தொழிலாளருக்கு அல்ல. அவர்களுக்கு 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே வழியாக இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அது இப்போது அடங்கிவிட்டது. தினம் இத்தனை சிலிண்டருக்கு இவ்வளவு என்ற கூலியில், சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாமல் மாடிப்படி ஏறி சிலிண்டர் போடுபவர், தான் யாருடைய தொழிலாளி என்பதை முதலில் நிரூபித்தாக வேண்டும்.

கிடங்குக்கும் முன்கட்டம் சாலை. 2012 ஆகஸ்ட் 27-ல் கேரளத்தின் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் டேங்கர் லாரி கவிழ்ந்து வெடித்ததில் 20 பேர் உயிரிழந்தனர். 2024 டிசம்பர் 20-ல் ஜெய்ப்பூர்-அஜ்மீர் நெடுஞ்சாலையில் பாங்க்ரோட்டா அருகே டேங்கரும் லாரியும் மோதிப் பரவிய தீ, பின்னால் நின்ற பேருந்தையும் பல வாகனங்களையும் விழுங்கியது. அடுத்த இரு வாரத்தில், 2025 ஜனவரி 3-ம் தேதி அதிகாலை, கொச்சியிலிருந்து 18 டன் எரிவாயுவுடன் வந்த டேங்கர் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தது. சுற்று வட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டு, தண்ணீரைப் பீய்ச்சியபடியே மணிக்கணக்கில் போராடிக் கசிவு அடைக்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அந்த இரண்டு விபத்துகளையும் ஒருங்கே நினைத்துப் பார்த்தால், கோவை எவ்வளவு பெரிய விபத்திலிருந்து தப்பியது என்பது விளங்கும்.

டேங்கர்களுக்கு மோட்டார் வாகனக் காப்பீடு கட்டாயம். போலீஸ் நிறுத்திக் கேட்கும் ஆவணங்களில் அதுவும் ஒன்று. வீதியில் நிற்கும் கடைக்குத்தான் அப்படிக் கேட்பவர் எவருமில்லை.

டொரண்டோ கற்ற பாடம்: ஈழத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் டொரண்டோ நகரில் 2008 ஆகஸ்ட் 10-ம் தேதி விடியற்காலை, குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த சன்ரைஸ் புரொப்பேன் நிலையம் வெடித்தது. ஊழியர் ஒருவரும் மீட்புப் பணிக்கு வந்த தீயணைப்பு வீரர் ஒருவரும் உயிரிழந்தனர். சுமார் 12 ஆயிரம் பேர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஒரு லாரியிலிருந்து மற்றொரு லாரிக்கு நேரடியாக எரிவாயுவை மாற்றியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

ஒன்டாரியோ மாநில அரசு அமைத்த வல்லுநர் குழு அதே ஆண்டு நவம்பருக்குள் 40 பரிந்துரைகளை அளித்தது. புரொப்பேன் நிலையங்கள் ஒவ்வொன்றும் தம்மைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை அபாயம் எட்டும் என்று கணக்கிட்டு, அதற்கான பாதுகாப்புத் திட்டத்தைத் தாக்கல் செய்வது கட்டாயமாயிற்று. பொறுப்புக் காப்பீடும் உரிமத்தோடு பிணைக்கப்பட்டது. காப்பீடு இல்லையேல் உரிமம் இல்லை. சுற்றுவட்டாரத்து மக்கள் தொடுத்த கூட்டு வழக்கு கோடிக்கணக்கான டாலர் சமரசத்தில் முடிந்தது.

டொரண்டோவில் லாரியிலிருந்து லாரிக்கு நடந்த அந்தக் காரியம் நம் நகரங்களில் சிலிண்டரிலிருந்து சிலிண்டருக்கும், சிலிண்டரிலிருந்து ஆட்டோவுக்கும் நடக்கிறது. பெங்களூருவின் ஆட்டோக்களில் பெரும்பகுதி எரிவாயுவில் ஓடுபவை. வீட்டு உபயோகச் சிவப்பு சிலிண்டருக்கும் வணிக நீல சிலிண்டருக்கும் உள்ள விலை வேறுபாடு இருக்கும்வரை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குழாய் போட்டு ஏற்றும் இருட்டறைகளும் இருக்கும். 2000-ம் ஆண்டின் சமையல் எரிவாயு விநியோக ஆணைப்படி இது குற்றம். குற்றம் என்பதைவிட முக்கியமானது, அங்கே விபத்து நேர்ந்தால் பதிவு செய்த வாடிக்கையாளரும் இல்லை, பதிவு செய்த முகவரியும் இல்லை. எண்ணெய் நிறுவனங்களின் பாலிசி அந்த வாசற்படி ஏறாது. பணத்தை மிச்சப்படுத்த பிரியாணிக் கடைக்காரர் சிவப்பு சிலிண்டரைப் பயன்படுத்தினாலும் அவரது கோரிக்கை மனு வலுவிழந்து போகும். தண்டனையை அடைவது அவர் மட்டுமல்ல, மேல்மாடிக் குடும்பமும்தான்.

பெங்களூரு இதை அறியாத நகரமல்ல. 2017 அக்டோபர் 16-ல் ஈஜிபுராவில் எரிவாயு வெடித்ததாகக் கருதப்பட்ட விபத்தில் கட்டடம் சரிந்து ஏழு பேர் மாண்டனர். 2025 ஆகஸ்ட் 15-ல், சுதந்திர தினக் கொடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலை வேளையில், வில்சன் கார்டன் சின்னயனபாளையாவில் ஒரு வீட்டில் நிகழ்ந்த வெடிப்பில் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அருகிலிருந்த பல வீடுகள் சேதமடைந்தன. எரிவாயுக் கசிவே காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. முதல்வர் சித்தராமையா நேரில் சென்று பார்த்து, சிறுவனின் குடும்பத்துக்கு ரூ. 5 லட்சம் அறிவித்தார்.

அறிவித்தது தவறல்ல. ஆனால், முதல்வர் நிதியிலிருந்து வரும் தொகை கருணைத் தொகை. கேமராக்கள் வந்த விபத்துக்குக் கிடைக்கும். வராத விபத்துக்குக் கிடைக்காமலும் போகலாம். காப்பீட்டுத் தொகை உரிமைத் தொகை. யாரும் வந்து பார்க்காவிட்டாலும் கிடைக்க வேண்டியது. முதலாவதைப் பற்றி மறுநாளே ஊருக்குத் தெரிகிறது. இரண்டாவதைப் பற்றி, பாதிக்கப்பட்டவருக்கே பல வேளைகளில் தெரிவதில்லை.

என்ன செய்யலாம்?: கடை வரிசைகளை ஒரே இடமாகக் கருதி 100 கிலோ வரம்பைக் கணக்கிடுவது, மாநகராட்சியின் வணிக உரிமத்தைப் புதுப்பிக்கும்போது சிறு தொகையிலான மூன்றாம் நபர் பாலிசியைக் கேட்பது, எண்ணெய் நிறுவனங்களின் பாலிசியில் "பதிவு செய்யப்பட்ட இடம்" என்பதோடு அதை ஒட்டிய இடங்களையும் சேர்ப்பது. இவற்றில் எதற்கும் அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. முதலாவதற்கு விதித் திருத்தம் போதும். இரண்டாவது மாநகராட்சியின் கையில். மூன்றாவது, எண்ணெய் நிறுவனங்கள் பாலிசியைப் புதுப்பிக்கும்போது பேசித் தீர்க்க வேண்டியது. பிரீமியம் சற்றுக் கூடும். 32 கோடி இணைப்புகளில் அதைப் பகிர்ந்தால் தலைக்கு எவ்வளவு வரும் என்பதை அமைச்சகமே அவைக்குச் சொல்லலாம். அப்படியொரு கேள்வியை இனியாவது நட்சத்திரக் குறியுடன் யாரேனும் கேட்க வேண்டும்.

பாதுகாப்புப் பணியில் எதுவுமே நடக்கவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. வீடு வீடாகச் சென்று 12 கோடிக்கும் அதிகமான இலவசச் சோதனைகள் நடத்தப்பட்டதாகவும், கோடிக்கணக்கான ரப்பர் குழாய்கள் சலுகை விலையில் மாற்றப்பட்டதாகவும் பெட்ரோலிய அமைச்சகம் தெரிவித்துள்ளது. கசிவை அறிவிக்க 1906 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது. அந்தச் சோதனைக்கு வருபவர் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள குழாயா என்று பார்ப்பதோடு, இன்னின்ன காப்பீடு உங்களுக்கு உண்டு என்று ஒரு தாளையும் கொடுத்துவிட்டுச் செல்வதில் என்ன தடை?

விபத்து நேர்ந்தால் வாடிக்கையாளர் காப்பீட்டு நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஏஜென்சிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவித்தால், எண்ணெய் நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்ல வேண்டியது ஏஜென்சியின் கடமை. உயிரிழப்பு எனில் இறப்புச் சான்றும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும், காயமெனில் மருத்துவமனை ரசீதுகளும் தேவைப்படும். எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

1991-ம் ஆண்டுச் சட்டம் பொருந்தும் விபத்துகளில், விபத்து நடந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். தேவரியம்பாக்கம் கிடங்குக்கு அச்சட்டம் பொருந்துமெனில், அந்தக் கெடு 2027 செப்டம்பரில் முடிகிறது.